செகண்ட் ஹேண்ட் டீசல்

பழைய கார் வாங்கப் போகிறீர்களா? தயவுசெய்து யாரிடமும் சொல்லாதீர்கள். சொன்ன மறுநிமிடம் உங்களைச் சுற்றி நிபுணர்கள் முளைப்பார்கள். சைக்கிளைத் தவிர வேறெதையும் ஓட்டியிராத பக்கத்து வீட்டுக்காரர், "டீசலா? வேண்டவே வேண்டாம் சார், செலவு வெச்சா தாங்காது" என்பார். அவர் மைத்துனர், "டீசல்தான் சார், கண்ண மூடிட்டு வாங்குங்க" என்பார். இரண்டு பேருமே வண்டியைப் பார்த்திருக்க மாட்டார்கள். நீங்கள் தினம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீர்கள் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஆனால் எல்லாம் அந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது.

என் அக்கா மகள் கள்ளக்குறிச்சியில் குடியிருக்கிறாள். கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் ஆசிரியை. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை, பரிகம், அப்புறம் மலை ஏறி கரியாலூர், வெள்ளிமலை என்று ஏறக்குறைய 40 கிலோமீட்டர். போக வர 80. பஸ் இருக்கிறது, அது வரும் நேரமும் பள்ளிக்கூட மணியும் ஒத்துப்போவதில்லை. இரண்டு வருடம் ஸ்கூட்டரில் போனாள். மழைக்காலத்தில் கொண்டை ஊசி வளைவில் மூடுபனி இறங்கினால் முன்சக்கரமே கண்ணுக்குத் தெரியாது என்பாள். மலையிலேயே தங்கிவிடலாம்தான். ஆனால் அக்காவுக்குப் பக்கவாதம் வந்து வலதுகை விழுந்துவிட்டது. ராத்திரி கூட ஆள் வேண்டும்.

ஆகவே அவள் முன்னால் இரண்டே வழி. ஒன்று, மாறுதல் கலந்தாய்வில் பெயர் கொடுத்துக் கீழே வந்துவிடுவது. இன்னொன்று, ஒரு கார்.

"கீழ வந்துடுறது ஈஸி மாமா. எனக்கு முன்னாடி இருந்தவங்க எல்லாரும் அதத்தான் செஞ்சாங்க. பிள்ளைங்க இப்பவே, 'டீச்சர், நீங்க எப்ப போவீங்க?'ன்னு கேக்குதுங்க" என்றாள்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. கல்வராயன் மலை நீண்ட காலம் மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. நாடு 1947-ல் சுதந்திரம் அடைந்தது. இந்த மலை மக்களைக் கேட்டால் எங்களுக்கு 1976-ல்தான் என்பார்கள். ஜாகீர் பிடி முழுதாக விலகி மலை அரசின் கைக்கு வந்தது அப்போதுதான். 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி மாநிலத்தின் 34-வது மாவட்டம் ஆனது. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் இந்த மலைவாசிகளின் வாழ்க்கை நிலை பற்றித் தானாக முன்வந்து வழக்கு எடுத்து விசாரித்தபோது, அங்கே முக்கியமாக அடிபட்ட விஷயங்களில் ஒன்று என்ன தெரியுமா? சாலை. கடுக்காயும் மரவள்ளியும் தேனும் மலையிலிருந்து இறங்க வழி இருக்கிறது. வாத்தியாரும் டாக்டரும் ஏறுவதற்குத்தான் எப்போதும் சிரமம்.

சரி, காருக்கு வருவோம். முதலில் கணக்கு.

வருடத்துக்கு 220 பள்ளி நாள், தினம் 80 கிலோமீட்டர் என்றால் 17,600 கிலோமீட்டர். சின்ன டீசல் கார் மலையும் சமவெளியும் கலந்து லிட்டருக்கு 18 கொடுக்கும் என்று வையுங்கள். அதே அளவு பெட்ரோல் கார் 14. சென்னையில் 2024 மார்ச்சில் இரண்டு ரூபாய் குறைத்த பிறகு பெட்ரோல் 100 ரூபாய் 75 காசு, டீசல் 92 ரூபாய் 34 காசு. வெளியூரில் கொஞ்சம் கூட இருக்கும்; 101, 93 என்று போட்டால், வருடத்துக்கு டீசல் செலவு சுமார் 91,000 ரூபாய்; பெட்ரோல் செலவு சுமார் 1,27,000. மிச்சம் 36,000. மாதம் மூவாயிரம்.

இந்த மூவாயிரத்தை அப்படியே லாபம் என்று எழுதிக்கொள்ளக் கூடாது. டீசல் எஞ்சினுக்கு ஆயில் அதிகம், ஃபில்டர் விலை அதிகம், இன்ஜெக்டரோ டர்போவோ போனால் ஐந்து இலக்கத்தில் பில் வரும். வருடம் பத்து பன்னிரண்டாயிரத்தை அதற்கென்று ஒதுக்கினாலும் அவள் கணக்கில் டீசல் ஜெயித்தது. ஆனால் நீங்கள் ஆபீசுக்கு எட்டு கிலோமீட்டரும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு நாலு கிலோமீட்டரும் போகிறவர் என்றால் டீசல் பக்கமே தலைவைத்துப் படுக்காதீர்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு செய்யப்பட்ட டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் ஒரு வடிகட்டி இருக்கிறது. நல்ல சூட்டில், சீரான வேகத்தில், கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து போகும். தெருமுனைக்குப் போய்த் திரும்புகிற வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். டீசல் தூரத்துக்குப் பிறந்த ஜாதி.

மலைக்கும்தான். பெட்ரோல் எஞ்சினில் ஒரு பொறி தட்டி எரிபொருளைப் பற்றவைக்கிறார்கள். டீசலில் பொறியே கிடையாது. காற்றை மட்டும் உள்ளே இழுத்து, பதினாறு பதினேழில் ஒரு பங்காக நசுக்குகிறார்கள். சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பின் அடிப்பாகம் சுடும் அல்லவா, அதே சமாச்சாரம்தான். நசுங்கிய காற்று 500 டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. அதில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்கிறது. இந்த அழுத்தத்தைத் தாங்க எஞ்சின் கனமாக இருக்க வேண்டும். பலனாக மெதுவான சுற்றிலேயே முறுக்கு விசை கிடைக்கிறது. ஒரு காலத்தில் ஸ்விஃப்ட் முதல் இண்டிகா விஸ்டா வரை வெவ்வேறு கம்பெனிக் கார்களில் ஓடிய ஃபியட்டின் 1.3 லிட்டர் டீசல், நிமிடத்துக்கு 2000 சுற்றில் 190 நியூட்டன் மீட்டர் கொடுத்தது. அதே ஸ்விஃப்டின் 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு 4000 சுற்றில் 115 சொச்சம். வளைவில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு இரண்டாவது கியரில் ஏறும்போது இந்த எண்களின் அர்த்தம் முதுகுக்குத் தெரியும்.

இதைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசல் 1897-ல் ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் தன் எஞ்சினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். 1900 பாரிஸ் கண்காட்சியில் அவர் வகை எஞ்சின் ஒன்று எதில் ஓடியது தெரியுமா? கடலை எண்ணெயில். கள்ளக்குறிச்சிக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், மல்லாட்டை எண்ணெயில். அந்த மனிதர் 1913 செப்டம்பரில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது ராத்திரியில் காணாமல் போனார். அப்போது கடனில் மூழ்கியிருந்தார். மைலேஜுக்கென்று கண்டுபிடித்தவருக்கே கணக்கு உதைத்திருக்கிறது.

நம் ஊரில் டீசல் காருக்கு வந்த மவுசு விஞ்ஞானத்தால் அல்ல, விலையால். 2012 மே மாதம் தில்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாய், டீசல் 41. முப்பத்திரண்டு ரூபாய் வித்தியாசம்! ஊரே டீசல் வாங்கியது. 2013 ஜனவரியிலிருந்து மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டையே எடுத்துவிட்டார்கள். வித்தியாசம் சுருங்கியது. 2020-ல் பி.எஸ்.6 வந்தபோது மாருதி டீசல் கார் செய்வதையே நிறுத்தியது. ஆகவே குறைந்த விலையில் சின்ன டீசல் கார் வேண்டும் என்றால் பழையதுதான். ஷோரூமில் இல்லாத பொருளுக்குச் சந்தையில் கிராக்கி என்பது சொல்லித்தர வேண்டியதில்லை.

பழைய கார் சந்தையைப் பற்றி ஒருவர் நோபல் பரிசே வாங்கியிருக்கிறார். ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர். 1970-ல் அவர் எழுதிய கட்டுரையை அதற்கு முன் மூன்று பத்திரிகைகள் திருப்பி அனுப்பின. விஷயம் எளிமையானது. வண்டியின் நல்லது கெட்டது விற்கிறவனுக்குத் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. தெரியாததால் வாங்குகிறவன் நடுத்தரமான ஒரு விலை சொல்வான். நல்ல வண்டி வைத்திருப்பவன் அந்த விலைக்குக் கொடுக்க மாட்டான், வீட்டிலேயே வைத்துக்கொள்வான். மட்டமான வண்டிக்காரன் சந்தோஷமாகக் கொடுப்பான். போகப் போகச் சந்தையில் மட்டம்தான் மிஞ்சும். இதற்கு உதாரணமாக அவர் நம் நாட்டையும் இழுக்கிறார்: கடை அரிசியில் வேண்டுமென்றே கலந்த, அரிசி நிறத்துக் கல்லை இந்தியப் பெண்கள் பொறுக்கி எடுக்க வேண்டியிருக்கிறதாம். 2001-ல் அவருக்கு நோபல் கொடுத்தார்கள். நம் பாட்டிகளுக்கு முறம்தான் மிச்சம்.

மட்டமான காரை அமெரிக்காவில் எலுமிச்சம்பழம் என்கிறார்கள். நாம் நல்ல காருக்கே நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். கலாசார வேறுபாடு.

2024 கோடை விடுமுறையில் நாங்கள் பார்த்தது மூன்று வண்டி.

முதலாவது சேலத்தில், ஒரு புரோக்கரிடம். பளபளவென்று இருந்தது. மீட்டரில் 42,000. "டாக்டர் வண்டி மேடம், வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான்" என்றார். (பழைய கார் சந்தையில் நோயாளிகளைவிட டாக்டர்கள் அதிகம் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா?) எங்களோடு வந்த மெக்கானிக் தம்பி பானெட்டைத் திறக்கவில்லை. குனிந்து பிரேக், கிளட்ச் பெடல்களைப் பார்த்தான். ரப்பரில் கோடுகள் தேய்ந்து வழுவழுவென்று இருந்தன. ஸ்டியரிங்குக்குப் புது உறை. டிரைவர் சீட்டின் ஓரம் அமுங்கிக் கிடந்தது.

"அண்ணா, இது நாப்பதாயிரம் ஓடுன கால் இல்ல" என்றான்.

வண்டி எண்ணைச் சொல்லிக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் விசாரித்தோம். இரண்டு வருடம் முன்பே 1,21,000 என்று பதிவு. புரோக்கரிடம் சொன்னபோது முகம் மாறவில்லை. "மீட்டர் கேபிள் மாத்துனோம் மேடம், அதுல மாறியிருக்கும்" என்றார். டிஜிட்டல் மீட்டருக்குக் கேபிள் ஏது என்று இவள் கேட்டாள். அவர் டீ சொன்னார்.

இரண்டாவது ஆத்தூரில். தில்லி வண்டி. பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகள் தலைநகர் வட்டாரத்தில் ஓடக்கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2018-ல் அதை உறுதி செய்தது. 2025-ல் அது தளர்ந்தது. நடுவில் எத்தனையோ வண்டிகள் தடையில்லாச் சான்றோடு தெற்கே இறங்கின. அவற்றில் நல்ல வண்டிகள் உண்டு. ஆனால் இங்கே மறுபதிவு செய்து ஆயுள்கால வரி கட்டவேண்டும். அதைக் கூட்டிப் பார்த்தால் சல்லிசான விலை சல்லிசாக இல்லை. தவிர, விற்கிறவர் கையில் இன்னும் தடையில்லாச் சான்று வரவில்லை. "வந்துட்டே இருக்கு" என்றார். வரட்டும் என்று வந்துவிட்டோம்.

மூன்றாவது சின்னசேலம் பக்கம், ஒரு விவசாயி வீட்டில். 2015 மாடல். மீட்டரில் 1,38,000. நெற்றியில் ஒரு சின்ன நசுங்கல். பார்க்க சுமார். அவர் ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து நீட்டினார். வாங்கிய நாளிலிருந்து எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டரில் ஆயில் மாற்றினார், கிளட்ச் மாற்றினார், பேட்டரி மாற்றினார் எல்லாம் இருந்தது. ஓர் இடத்தில், 'மாடு முட்டியது, பம்பர்' என்றுகூட எழுதியிருந்தார்.

"பையன் கோயமுத்தூர்ல படிச்சான். வாரா வாரம் போய் வந்தேன். இப்ப அவன் துபாய்ல. எனக்கு ராத்திரி கண்ணு தெரியல. அதான் குடுக்குறேன்" என்றார்.

ஏன் விற்கிறீர்கள் என்ற கேள்விக்கு இவ்வளவு தெளிவான பதிலை அந்த ஒரு மாதத்தில் கேட்டதில்லை. நெடுஞ்சாலையில் சீராக ஓடிய 1,38,000, நகரத்தில் விட்டு விட்டு ஓடிய 60,000-ஐ விட டீசல் எஞ்சினுக்கு ஆரோக்கியம். எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள்; அது பொய்யாக இருந்தால் மட்டும் பயப்படுங்கள். 

மெக்கானிக் தம்பி அங்கே செய்ததைச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும். போனதும் பானெட்டில் கை வைத்துப் பார்த்தான். சூடாக இருந்தால் நாம் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சில்லிட்ட எஞ்சின்தான் உண்மை பேசும். ஸ்டார்ட் செய்தபின் புகையைக் கவனித்தான். விடாமல் கறுப்பாக வந்தால் காற்று போதவில்லை, அல்லது இன்ஜெக்டர் கோளாறு. நீலமாக வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளை நிற்காவிட்டால் கூலன்ட் உள்ளே இறங்கலாம். ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்தான். குபுகுபுவென்று புகை வந்தால் பிஸ்டன் தேய்ந்திருக்கும். டயர் ஓரத்தில் நாலு இலக்க எண்ணைப் படித்தான்; 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம் செய்த டயர். கடைசியாக டைமிங் செயினா, பெல்ட்டா என்று எனக்கு விளக்கினான். 1.3 லிட்டரில் செயின். சில டீசல்களில் பெல்ட். குறித்த காலத்தில் மாற்றாமல் அறுந்தால் எஞ்சினே காலி. அந்த வகை வாங்கினால் மாற்றிய பில்லைக் கேளுங்கள்.

நாலே கால் லட்சம் சொன்னார். நாலுக்கு முடிந்தது. அவள் பாதிப் பணத்துக்கு நகையை அடகு வைத்தாள். "கழுத்துல இருந்தா மலை ஏறுமா மாமா?" என்றாள்.

பணம் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். பாதிப் பேர் கோட்டை விடுவது காகிதத்தில்தான். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி ஆர்.சி.யை உடனே பெயர் மாற்றுங்கள். ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். பேங்க் கடன் இருந்த வண்டி என்றால் படிவம் 35 இல்லாமல் தொடாதீர்கள். இன்ஷூரன்ஸும் உங்கள் பெயருக்கு வரவேண்டும்; விற்றவரின் நோ க்ளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், அது வண்டிக்குச் சொந்தமில்லை. இதை எல்லாம் வாங்குகிறவரைவிட விற்கிறவர்தான் வற்புறுத்த வேண்டும். 2018 பிப்ரவரியில் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், விபத்து நடந்தால் ஆர்.சி.யில் யார் பெயரோ அவர்தான் பொறுப்பு. என்றோ விற்ற காருக்காக நீங்கள் கோர்ட்டில் நிற்க நேரும்.

ஒரு விஷயத்தை மறைக்க விரும்பவில்லை. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-ல் உறுதியாக வகைப்படுத்திவிட்டது. காற்று சுத்தமாக இருக்கிற மலைக்கு தினம் இந்தப் புகையை எடுத்துப்போகிறோமே என்று அவளுக்கும் உறுத்தல். அவள் செய்தது இரண்டு காரியம். புகைச் சான்றிதழை வெறும் காகிதமாக நினைக்காமல் ஃபில்டரையும் இன்ஜெக்டரையும் ஒழுங்காகப் பார்க்கிறாள். காலியாகப் போவதில்லை. வழியில் ஒரு சத்துணவு அமைப்பாளர், ஒரு நர்ஸ், சில நாள் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பும் ஒரு பாட்டி. டீசலுக்குக் காசு வாங்குவதில்லை. வாங்கினால் அது வாடகை வண்டி ஆகிவிடும், இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிடும். பாட்டி மட்டும் கேட்பதில்லை. சீட்டில் ஒரு பை சாமையை வைத்துவிட்டு இறங்கிவிடுகிறாள்.

இறக்கத்தைப் பற்றி அவள் சொன்னது ஒன்று. ஏறுகிற கியரிலேயே இறங்க வேண்டும். நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கியரில் விட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்றைய எஞ்சின்கள் எரிபொருளை அறவே நிறுத்திவிடும், நியூட்ரலில்தான் செலவு. பிரேக்கும் சூடாகி ஏமாற்றாது. பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்ததும் எஞ்சினை உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஓடவிடுவாள், டர்போ ஆறட்டும் என்று. அந்த ஒரு நிமிடத்தில் பிள்ளைகள் வந்து வண்டியைச் சூழ்ந்துகொள்ளுமாம்.

யோசித்துப் பார்த்தால் இது விசித்திரமான ஏற்பாடு. ஒரு மலைப்பள்ளிக்கு ஆசிரியர் தினம் நேரத்துக்கு வருவது, ஓர் எஞ்சினின் ஆயிலிலும் ஒரு பெண்ணின் அடகு நகையிலும் நிற்கிறது. காலையில் எட்டு மணிக்கு ஒழுங்காக ஒரு பஸ் ஏறினால் இந்தக் கட்டுரையில் பாதிக்குத் தேவையே இருக்காது. அந்த பஸ்ஸும் டீசலில்தான் ஓடும். ஆனால் ஐம்பது பேரை ஏற்றிக்கொள்ளும்.

அதுவரைக்கும் அவள் கணக்கு சரியாகப் போகிறது. விவசாயி கொடுத்த நோட்டில் அவர் விட்ட இடத்திலிருந்து இவள் எழுதுகிறாள். முதல் வருட முடிவில் நகை திரும்பவில்லை, வட்டி மட்டும் கட்டியிருக்கிறாள். 1,56,000-ல் முன் பிரேக் பேட். கலந்தாய்வுக்கு விண்ணப்பம் கொடுக்கவில்லை.